நூறு ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? சின்னப் பிள்ளைகளும் காசுக் கணக்கும்

கேள்வி: கல்முனையிலிருந்து ஒரு அம்மா
2025 யூலை 5

மகன் தரம் 3. கொப்பியில் கழித்தல் கணக்கெல்லாம் சரியாகத்தான் செய்கிறான். கடைக்கு அனுப்பினால்தான் பிரச்சினை. 100 ரூபாய் கொடுத்து 65 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் எவ்வளவு மிச்சம் வரவேணும் என்று கேட்டால் முழிக்கிறான். முதலாளி கையில் வைத்ததை அப்படியே பொத்திக்கொண்டு வந்து தருகிறான். நேற்று 10 ரூபாய் குறைய வந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் காசுக் கணக்கே படிப்பிப்பதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ரீச்சர்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

யூலை 5, இரவு

படிப்பிக்கிறோம் தங்கச்சி. நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவு எடுக்கிறேன். காசு எங்கள் பாடத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் மகன் கொப்பியில் செய்வதும் கடையில் செய்ய வேண்டியதும் வேறு வேறு வேலை.

கொப்பியில் அவன் 100 எழுதி, கீழே 65 எழுதி, வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறான். 0இல் 5 போகாது, பக்கத்து வீட்டில் கடன் கேட்டால் அங்கேயும் 0, அதற்கும் பக்கத்து வீட்டுக்குப் போக வேணும். பென்சிலும் கொப்பியும் இருந்தால் இது சரி. கடை மேசைக்கு முன்னால், பின்னுக்கு நாலு பேர் நிற்கும்போது மனதுக்குள் இதைச் செய்ய எனக்கே ஏலாது. கடை முதலாளியும் இப்படிச் செய்வதில்லை. கால்குலேட்டர் இல்லாத பழைய முதலாளி ஒருவர் மிச்சம் கொடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் விலையைச் சொல்வார்: "அறுபத்தஞ்சு." 5 ரூபாய்க் குத்தி (நாணயம்) ஒன்றை மேசையில் வைத்து "எழுபது" என்பார். ஒரு பத்தை வைத்து "எண்பது." 20 ரூபாய்த் தாளை வைத்து "நூறு." முடிந்தது. அவர் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டு போய் நூறில் நின்றுவிட்டார். மேசையில் கிடப்பதுதான் விடை.

மகனுக்கு இதைச் செய்து காட்டுங்கள். அவன் முதலாளி, நீங்கள் வாங்க வந்த ஆள். அவன் வாயால் சொல்லிச் சொல்லி வைக்க வேணும், அது முக்கியம். முதலில் விலைகள் எல்லாம் பத்தில் முடியட்டும்: 60, 80, 30. அது ஓடத் தொடங்கின பிறகு 65, 45. 68, 73 எல்லாம் பிறகு பார்க்கலாம்.

யூலை 6

விளையாட்டுக் காசு போதுமா என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் வெட்டி எடுக்கிற காகிதக் காசு வகுப்பு முழுக்கக் கொடுக்க உதவும். வீட்டில் உண்மையான காசையே கொடுங்கள். பாரம், சத்தம், ஓரத்து வெட்டு எல்லாம் கையில் பட்டால்தான் பிள்ளைக்கு 5க்கும் 10க்கும் வித்தியாசம் பிடிபடும். மூன்று வயதுத் தம்பி தங்கச்சி இருக்கிற வீட்டில் குத்திகளைத் தரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வாயில் போடும். முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

யூலை 9

கழித்தலுக்கு முன்னால் ஒரு விசயம் இருக்கிறது. அதைத் தாண்டி ஓடிவிட்டேன், திரும்ப வருகிறேன்.

தரம் 1 பிள்ளை ஒன்றின் முன்னால் ஒரு பக்கம் 2 ரூபாய்க் குத்தி நாலு, மறுபக்கம் 10 ரூபாய்க் குத்தி ஒன்று வைத்து "எந்தப் பக்கம் கூட?" என்று கேளுங்கள். அனேகமான பிள்ளை நாலு கிடக்கிற பக்கத்தைக் காட்டும். அது மடத்தனம் இல்லை. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எண்ணின எல்லாமே (மாங்காய், கோழிக்குஞ்சு, படியில் ஏறுகிற கால்) ஒன்று என்றால் ஒன்றுதான். ஒரு பொருள் பத்தாக எண்ணப்படுகிறது என்பதை முதன்முதலில் காசில்தான் பார்க்கிறது. பெரிய மாற்றம் அது. நாங்கள் பெரியவர்கள் மறந்துவிட்டோம்.

பழைய குத்திகள் இன்னும் குழப்பும். பழைய 2 ரூபாய் 5 ரூபாயைவிட அகலம். 5 ரூபாய் சின்னதாய், தடிப்பாய், மஞ்சளாய் இருக்கும். "பெரிசைத் தாங்க" என்று பிள்ளை 2 ரூபாயைக் கேட்டால் பிழை சொல்ல முடியாது. 2017இல் வந்த துருப்பிடிக்காத உருக்குக் குத்திகளில் பெறுமதி கூடக்கூட அளவும் கூடுகிறது, அது நல்லது. ஆனால் எல்லாம் ஒரே வெள்ளி நிறம், அவசரத்தில் 5 எது 10 எது என்று பெரியவர்களுக்கே தடுமாறும். பழசும் புதுசும் கலந்துதான் கடை லாச்சியில் கிடக்கிறது. அதனால் அளவை வைத்தோ நிறத்தை வைத்தோ சொல்லிக் கொடுக்காதீர்கள். குத்தியில் எழுதியிருக்கிற இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் அந்தக் கரைச்சல் குறைவு: 50 நீலம், 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை. பெறுமதி கூட நீளமும் கூடும், ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டலாம்.

நான் வகுப்பில் முதலில் செய்வது மாற்றுகிற விளையாட்டு. நடுவில் ஒரு "வங்கி." தாயக்கட்டை உருட்ட வேணும், விழுந்த அளவுக்கு 1 ரூபாய்க் குத்தி எடுக்க வேணும். பத்துச் சேர்ந்தவுடன் வங்கியில் கொடுத்து ஒரு 10 வாங்க வேணும். பத்துப் பத்துச் சேர்ந்தால் ஒரு 100. இதில் 1, 10, 100 மட்டும்தான் இருக்கும். 2, 5, 20, 50 எல்லாவற்றையும் ஒளித்து வைத்துவிடுவேன். ஒன்றினிடம், பத்தினிடம், நூறினிடம் என்று பிறகு படிக்கப்போவது இந்த மூன்றையும்தான். இடையில் 5உம் 20உம் நுழைந்தால் அந்த வரிசை கலைந்துவிடும். மாற்றுவது நன்றாகக் கைக்கு வந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக உள்ளே விடலாம், முதலில் 5, பிறகு 50, கடைசியாக 2உம் 20உம்.

இப்போது 1 ரூபாய்க் குத்தி கிடைப்பதே கஷ்டம். கோயில் உண்டியல் எண்ணுகிற ஆட்களிடம் தாளைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்து ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன்.

யூலை 13

வாழைச்சேனையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டது மனதைக் குடைகிறது: "சின்னப் பிள்ளை படிக்கிறது பத்துக்கும் இருபதுக்கும் உள்ளே, கடையில் பத்து ரூபாய்க்கு என்ன கிடக்கு?"

உண்மைதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி ஒரு வருடத்துக்குள் விலைவாசி 69.8 வீதம் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்தது, ஆனால் ஏறின விலை திரும்பப் பழைய இடத்துக்கு வரவில்லை. நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கடையில் வாங்கினதெல்லாம் எனக்குத் தெரிந்த எண்களுக்குள் இருந்தது, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். இப்போது பிள்ளை படிக்கிற எண்ணும் கடையில் கேட்கிற விலையும் இரண்டு ஊரில் இருக்கின்றன. ஒரு பணிஸ் வாங்கப் போனாலே நூறைத் தொடுகிற பேச்சு.

நான் செய்வதைச் சொல்கிறேன். தரம் 1க்கு வகுப்பில் வைக்கிற கடை பொய்க்கடை, விலையும் பொய். புளியங்கொட்டை 2 ரூபாய், சிப்பி 3 ரூபாய், பனங்கொட்டையில் செய்த வண்டி 7 ரூபாய். பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் இல்லை, விலை பொய் என்பதும் அதற்குத் தெரியும். தரம் 2 நடுவில் பத்துப் பத்தாய் எண்ணப் பழக்குவேன். 60 ரூபாய் என்றால் "ஆறு பத்து." 100 என்றால் "பத்துப் பத்து." 100 கொடுத்து 60க்கு வாங்கினால் பத்தில் ஆறு போக நாலு, நாலு பத்துக் குத்தி வரும். பத்துக்குள் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய எண்ணே இல்லை. தரம் 3க்கு மட்டும் உண்மை விலை. அங்கேயும் பொய் விலை வைத்தால் உங்கள் மகனுக்கு நடந்ததுதான் நடக்கும், கொப்பி ஒரு பக்கம் கடை ஒரு பக்கம்.

யூலை 25

நேற்று ஆடி அமாவாசை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போய்விட்டு வந்து வீடு நிறைய ஆட்கள். அண்ணன்ட மகள் தரம் 2, பெரியவர்கள் எல்லாரும் கையில் காசு வைத்திருக்கிறார்கள். கச்சானும் காப்பும் வாங்கத்தான். வாங்கப் போவதற்கு முன்னால் "எவ்வளவு இருக்கு மளே?" என்று கேட்டேன். பாயில் கொட்டிவிட்டு எண்ணத் தொடங்கினாள், முதலில் குத்திகள். பத்து, பதினைந்து, இருபத்தைந்து, பிறகு ஒரு இருபது, பிறகு ஐம்பது, பிறகு திரும்ப ஒரு பத்து. நடுவில் யாரோ கூப்பிட எல்லாம் விட்டுப்போச்சு. திரும்ப முதலிலிருந்து.

அப்போதுதான் நான் தலையிட்டேன். எண்ணாதே, முதலில் இனம் பிரி என்றேன். நூறெல்லாம் ஒரு இடம், ஐம்பதெல்லாம் ஒரு இடம். பிரித்தாள்: நூறு இரண்டு, ஐம்பது மூன்று, இருபது நாலு, பத்துக் குத்தி மூன்று, ஐந்து இரண்டு. இப்போது நூறு நூறாய் மூட்டை கட்டு என்றேன். இரண்டு நூறு அப்படியே இரண்டு மூட்டை. இரண்டு ஐம்பது ஒரு மூட்டை. நாலு இருபதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். எண்பது என்று தெரிந்தது. பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே இரண்டு பத்தை எடுத்து அதோடு சேர்த்தாள். நாலு மூட்டை. மிஞ்சினது ஒரு ஐம்பது, ஒரு பத்து, இரண்டு ஐந்து. "நானூற்றி எழுபது!" என்று கத்தினாள்.

அந்த இரண்டு பத்தை அவளாக எடுத்துச் சேர்த்தாளே, கூட்டல் படிப்பிக்கிறது அதற்காகத்தான். 80 இருக்கிறது, நூறுக்கு என்ன வேணும் என்று தேடுகிறது. மேலே முதலாளி மிச்சம் கொடுக்கிற விதம் என்று எழுதினதும் இதேதான், 65 இருக்கிறது, நூறுக்கு என்ன வேணும். இரண்டு பாடம் இல்லை, ஒரே பாடம். நூறுக்கு எது எது சோடி என்பது பிள்ளைக்கு வாயில் இருக்க வேணும்: 80க்கு 20, 70க்கு 30, 65க்கு 35. வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே இதைப் பழக்குங்கள் என்று சொல்வேன்.

யூலை 25, கொஞ்சம் பிறகு

எழுத மறந்தது. கச்சானுக்கும் காப்புக்கும் 180 போனது. "470இல் 180 போனால் எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பேர்ஸுக்குள்ள இரிக்குதானே மாமி, எண்ணிப் பாத்தாச் சரி. எதுக்குக் கழிக்கணும்?"

பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 3

எதுக்குக் கழிக்கணும் என்ற கேள்வி. வகுப்பில் நாங்கள் ஒருநாளும் இதற்குப் பதில் சொல்வதில்லை. கழி என்கிறோம், கழிக்கிறார்கள்.

இரண்டு காரணம் எனக்குப் படுகிறது. ஒன்று, வாங்குவதற்கு முன்னால். கையில் 470, காப்பு 150. வாங்கினால் மிச்சம் கச்சானுக்குக் காணுமா, திரும்பிப்போக பஸ்ஸுக்குக் காணுமா? இன்னும் நடக்காததை எண்ணிப் பார்க்க முடியாது, அதற்குக் கணக்குத்தான் வேணும். இரண்டாவது, நடந்த பிறகு. கணக்குப்படி 290 இருக்க வேணும், எண்ணிப் பார்த்தால் 240. அப்போது ஐம்பது எங்கோ விழுந்துவிட்டது, அல்லது மிச்சம் குறைய வந்திருக்கிறது. எண்ணினால் மட்டும் 240 என்று தெரியும், 50 தொலைந்தது தெரியாது. கழித்தால் மட்டும் 290 என்று நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும். கல்முனைத் தங்கச்சியின் மகனுக்குக் குறைந்த அந்த 10 ரூபாய் இந்த இடத்தில்தான் தப்பிப் போயிருக்கிறது. கடைக்குப் போகும் முன்னாலேயே எவ்வளவு வரும் என்று அவன் சொல்லிவிட்டுப் போகட்டும். சரியோ பிழையோ ஒரு எண்ணை வாயில் வைத்துக்கொண்டு போனால் கையில் வந்ததை அதோடு ஒப்பிடுவான். எண்ணே இல்லாமல் போனால் ஒப்பிட ஒன்றும் இல்லை.

அவளுக்கு இதை இப்படிச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது, அடியில் "இருக்க வேண்டியது", அதற்குக் கீழே "இருக்கிறது." இரண்டும் ஒன்றாய் வந்தால் சரி அடையாளம் போடுகிறாள்.

ஓகஸ்ட் 11

நேற்றுத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தது. அந்தச் சூட்டோடு ஒரு ஆசிரியர் எழுதியிருக்கிறார்: கூட்டிக்கொண்டு போகிற முறை கடைக்குச் சரி, பரீட்சையில் நிலைக்குத்தாய் எழுதிச் செய்யத் தெரிய வேணும், பிள்ளையைக் குழப்பாதீர்கள் என்று.

நான் எழுத்து முறையை விடச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான எண்ணில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதையும் காசாலேயே காட்டலாம் என்கிறேன். மேசையில் ஒரு 100 ரூபாய்த் தாள். அதிலிருந்து 65 எடு என்கிறேன். பிள்ளை தாளைப் பிய்க்க முடியாது, வங்கிக்குப் போக வேணும். 100ஐக் கொடுத்துப் பத்து 10 வாங்குகிறது. இன்னும் 5 எடுக்க முடியாது. ஒரு 10ஐக் கொடுத்துப் பத்து 1 வாங்குகிறது. இப்போது மேசையில் ஒன்பது பத்தும் பத்து ஒன்றும். ஐந்து ஒன்றை எடு, ஆறு பத்தை எடு. மிச்சம் மூன்று பத்து, ஐந்து ஒன்று. 35.

கொப்பியில் 0க்கு மேலே 9 என்று ஏன் எழுதுகிறோம் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது, "ரீச்சர் சொன்னா" என்று சொல்லும். மேசையில் அந்த ஒன்பது பத்தும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. ஒருமுறை கையால் மாற்றின பிள்ளை கொப்பியில் அந்த 9ஐ மறப்பதில்லை. மாற்றுகிற விளையாட்டை முதலில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இன்னொன்றும் சொல்லலாம். பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில் தெருவில் சாமான் விற்கிற ஐந்து சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985இல் வந்தது. 9 வயதிலிருந்து 15 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள். ஆய்வு செய்தவர்கள் வாங்க வந்த ஆட்கள்போல் நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடை சரி. பிறகு அதே கணக்குகளை வெறும் எண்ணாய்த் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஒரு பையனிடம் ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று 105, இன்னும் மூன்று 210, பிறகு 315, பிறகு 350 என்று போயிருக்கிறான். பின்னால் ஒரு சைபர் போட்டால் வந்துவிடும் என்று அவன் நினைக்கவில்லை. மூன்று மூன்றாய் விற்றுப் பழகினவன், மூன்றின் விலை வாயில் இருந்திருக்கும்.

ஐந்து பிள்ளைகளை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது. ஆனால் நான் இந்தப் பக்கத்தில் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. தகப்பனோடு தோணியில் போய் மீன் விற்கிற இடத்தில் நிற்கிற பிள்ளை வகுப்பில் கணக்கில் பின்வரிசை. காசில் அவனை ஏமாற்ற முடியாது. அவனுக்குத் தெரிந்ததிலிருந்துதான் நாங்கள் தொடங்க வேணும். "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினால் எங்கே போய் முடியும்?

ஓகஸ்ட் 30

மத்திய வங்கி தன் 75ஆவது ஆண்டுக்குப் புதிதாய் 2000 ரூபாய்த் தாள் வெளியிட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இதற்கு வேலை இல்லை, கண்ணில் பட்டால் "இரண்டு ஆயிரம்" என்று சொல்லிவிட்டு விடுங்கள்.

தாள் பேச்சு வந்ததால் ஒன்று. 50 ரூபாய்த் தாளில் இருப்பது மன்னம்பிட்டிப் பாலம், பழையதும் புதியதும். பொலன்னறுவையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழி. கொழும்புக்கு ரயிலில் போய் வந்த பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அன்றிலிருந்து ஐம்பதுக்குப் பெயர் "பாலத்தாள்." வேறு எந்தத் தாளோடும் குழப்புவதில்லை.

ஒக்டோபர் 12

சிறுவர் சந்தை முடிந்தது. இதைப் பற்றி நிறைய எழுத இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பள்ளிக்கூட வளவுக்குள் விற்பார்கள், ஊர்ச்சனம் வந்து வாங்கும். முருங்கைக்காய், பயற்றங்காய், கீரைப்பிடி, தேங்காய், தேசிக்காய், தயிர்ச்சட்டி, அம்மம்மா சுட்ட முறுக்கு. புத்தகத்தில் இருக்கிற கூட்டல் கழித்தல் எல்லாம் ஒரே காலைக்குள் நடக்கும். ஆனால் பல இடங்களில் நடக்க விடுவதில்லை. பிள்ளைக்குப் பின்னால் அம்மா நிற்கிறா, காசை அம்மா வாங்குகிறா, மிச்சத்தை அம்மா கொடுக்கிறா. பிள்ளை தலைப்பாகை கட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கிறது. சந்தை முடிந்தால் படங்கள் இருக்கும், கணக்கு இருக்காது.

இந்த முறை நாங்கள் மூன்று விசயம் மாற்றினோம். அம்மாமாரை வாங்குகிற பக்கத்துக்கு அனுப்பினோம். விலைகளை முழு ஐம்பதிலும் நூறிலும் வைக்க வேண்டாம் என்று சொன்னோம், எல்லாம் 50, 100 என்று இருந்தால் மிச்சமே கொடுக்கத் தேவையில்லாமல் போய்விடும். கீரைப்பிடி 45, முருங்கைக்காய்க் கட்டு 65, தேசிக்காய்க் கூறு 80 என்று பிள்ளைகளே அட்டையில் எழுதினார்கள். மூன்றாவது, ஒவ்வொரு கடைக்கும் தொடங்கும்போதே சில்லறை கொடுத்தோம், 5உம் 10உம் 20உம். அதை எண்ணி எழுதிவிட்டுத்தான் கடை திறக்க வேணும். கடைசியில் இருக்கிறதில் அதைக் கழித்தால்தான் விற்றது எவ்வளவு என்று வரும். அந்தக் கழித்தலை ஒரு பிள்ளையும் எதற்கு என்று கேட்கவில்லை.

சில்லறை தேடினதுதான் பெரும்பாடு. இப்போது கடைகளில் 5 ரூபாய்க்குப் பதில் ஒரு டொபியை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது சின்ன விசயம். கணக்குப் பழகுகிற பிள்ளைக்கு அது கெடுதல். 35 வரும் என்று சரியாய்ச் சொல்லிவிட்டுப் போன பிள்ளையின் கையில் 30 ரூபாயும் ஒரு டொபியும் வந்தால் அதன் கணக்குப் பிழையா, கடைக்காரர் பிழையா? கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சின்னப் பிள்ளை வந்தால் மட்டுமாவது தயவுசெய்து காசாய்க் கொடுங்கள்.

முருங்கைக்காய் விற்ற பையன் தரம் 3. ஒரு அப்பச்சி வந்து 65 ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு 100 ரூபாய்த் தாளோடு 5 ரூபாய்க் குத்தி ஒன்றும் நீட்டினார். பையன் குத்தியைத் திருப்பிக் கொடுத்தான். "கூடத் தந்துட்டீங்க அப்பச்சி." அவர் திரும்ப அவன் கையில் வைத்தார். "வெச்சிக்க மனே, நாப்பதைத் தா." பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை. அறுபத்தைந்து என்று தொடங்கி, 5 ரூபாயை அட்டைமேல் வைத்து எழுபது என்றான். பிறகு பத்து, எண்பது. இருபது, நூறு. இன்னும் ஒரு ஐந்து, நூற்றைந்து. தான் வைத்ததை எண்ணினான், நாற்பது. முகம் மாறினது. அந்த இரண்டு ஐந்தையும் எடுத்துவிட்டு ஒரு பத்தை வைத்தான். அப்பச்சிக்கு ஒரு 20உம் இரண்டு 10உம் போனது.

நல்ல வியாபாரிகளும் வாங்குகிறவர்களும் தினமும் செய்வது இது. இரண்டு பக்கமும் ஐந்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது, எண் மட்டும் சுகமாகிவிடும், 100க்கு 65 என்பதைவிட 105க்கு 65 இலகு. இதை நான் தரம் 4இல்தான் எடுப்பேன் என்று வைத்திருந்தேன். இப்போது யோசிக்கிறேன், பிள்ளை கூட்டிக்கொண்டு போகப் பழகியிருந்தால் தரம் 3இலேயே தாங்கும். எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. அந்தப் பையன் 65லிருந்து 105க்குத் தடுமாறாமல் போனான், நூறில் நின்றுவிடுகிற பிள்ளைக்கு அவசரப்படுத்தக்கூடாது.

ஒக்டோபர் 14

மட்டக்களப்பு டவுனில் இருக்கிற ஒரு தகப்பன்: நாங்கள் சூப்பர் மார்க்கெட்டில் கார்டில்தான் கட்டுகிறோம், பிள்ளை காசையே காண்பதில்லை, என்ன செய்வது?

பில்லைப் பிள்ளையிடம் கொடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று சாமானை மட்டும் எடுத்து வைத்து, அவற்றின் விலையைப் பில்லில் தேடி, உண்மைக் காசை எண்ணி ஒவ்வொன்றின்மேலும் வைக்கச் சொல்லுங்கள். கார்டைத் தட்டினபோது எவ்வளவு போனது என்று கண்ணால் காணட்டும். கிழமைக்கு ஒருமுறையாவது தெருமுனைக் கடைக்குக் காசோடு அனுப்புங்கள்.

ஒக்டோபர் 19

அதே தகப்பன் திரும்ப எழுதியிருக்கிறார். தரம் 2 மகள் பில்லில் 150.00 என்று இருந்ததைப் பதினைந்தாயிரம் என்று வாசித்துவிட்டு "அப்பா இவ்வளவு காசா?" என்று பயந்துவிட்டாளாம்.

இது எல்லாப் பிள்ளைக்கும் வரும். 1872இலிருந்து எங்கள் ரூபாய்க்கு நூறு சதம், பில்லில் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது அதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஒரு சதக் குத்தியையும் கையில் பிடித்ததில்லை. காணாத ஒன்றுக்கு இரண்டு சைபர். தரம் 2, 3க்கு நான் செய்வது: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்வேன். அவ்வளவும் போதும். சதத்தைக் கூட்டிக் கழிக்கிற கணக்கு மேல் வகுப்பில் வரும்போது அம்மம்மா வீட்டில் பழைய 25 சதம், 50 சதம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அனேகமாய் ஏதாவது ஒரு டப்பாவுக்குள் கிடக்கும். இரண்டு 50 சதத்துக்கு ஒரு ரூபாய், நாலு 25 சதத்துக்கு ஒரு ரூபாய் என்று மாற்றுகிற விளையாட்டை அதிலும் விளையாடலாம். கிடைக்காவிட்டால் கரன்ட் பில்லை எடுங்கள். அதில் சதம் சும்மா 00 என்று நிற்காமல் உண்மையான இலக்கமாய் வரும். போன மாதப் பில்லையும் இந்த மாதப் பில்லையும் பக்கத்தில் வைத்து எது கூட, எவ்வளவு கூட என்று கேளுங்கள். முதலில் ரூபாயை மட்டும்.